முனகல் நின்ற நேரம்

நெல்லையப்பன் சார் காலமாகிவிட்டார் என்ற செய்தியைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவர், எங்கள் பழைய மெல்லிசைக் குழுவின் தலைவர். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அலுவலகத்திலும் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். குழு கலைந்த பிறகு பொங்கல் வாழ்த்துக்குக்கூடக் கூப்பிடாத மனிதர், குரலில் தேன் சொட்ட, "வசந்தா, ஞாயித்துக்கிழமை ஆர்.கே.புரத்துல இரங்கல் கூட்டம். நீங்க நாலு வார்த்தை நல்லதா பேசணும். பழசையெல்லாம் கிளற வேண்டாம், என்ன?" என்றார். போனவருக்காகக் கண்ணீர் வருவதற்கு முன்னால் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. கிளறக் கூடாது என்று இவர் எதைச் சொல்கிறார்? கூட்டத்தில் என் முறை வந்தபோது படத்தைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவரை அறிந்தவர்களுக்காக இப்போது எழுதுகிறேன்.

நெல்லையப்பன் சார் மத்திய அரசில் கிளார்க். ஊர் திருநெல்வேலிப் பக்கம். சூடானால்தான் வேலை செய்யும் கண்ணாடி வால்வுகள் கொண்ட பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துக் கிட்டாருக்கு ஏற்றபடி மறுபடி கட்டுவதும், அவற்றுக்குப் பொருத்தமான ஸ்பீக்கர் பெட்டி செய்வதும் அவருடைய பைத்தியம். டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டு முன்னறைக்குப் போனவர்களுக்கு உட்கார நாற்காலி கிடைக்காது; எல்லாவற்றின் மேலும் ஏதாவது ஒரு ஸ்பீக்கர் படுத்திருக்கும். டிரான்சிஸ்டர் வந்து வால்வு ரேடியோக்கள் பரணுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர் மட்டும் வால்வை விடவில்லை. "டிரான்சிஸ்டர் போனா ஏன் போச்சுன்னு சொல்லாது. வால்வு செட்டு தடயம் வச்சுட்டுப் போகும்" என்பார்.

தடயம் என்ற வார்த்தையைப் பாருங்கள். மனிதர் கிளார்க் வேலைக்கு வந்ததே தவறு, போலீஸுக்குப் போயிருக்க வேண்டும் என்று நாங்கள் கேலி செய்வோம். பழைய டில்லி ரேடியோ மார்க்கெட்டுக்கு ஒருமுறை அவருடன் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு ஸ்பீக்கரை எடுத்து வைத்து, "ஒரிஜினல் ஹை, சாப்" என்றார். சார் அதன் முதுகில் அச்சடித்திருந்த மின்தடை எண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, முதலில் தன் மீட்டரை வைத்து அளந்தார். பிறகுதான் கையை எடுத்து எண்ணைப் படித்தார். "ஏன் சார், எழுதித்தான் இருக்கே?" என்று கேட்டேன். "எழுதுனவன் யாருன்னு எனக்குத் தெரியாதுல்லா" என்றார். இதை அவர் மனைவியிடம் சொன்னபோது அந்த அம்மாள் அலுத்துக்கொள்ளவே இல்லை. "சாம்பார்ல உப்பு போட்டாச்சான்னு என்னக் கேப்பாக. போட்டாச்சுன்னு சொன்னதுக்கு அப்புறமும் நக்கிப் பாத்துட்டுத்தான் சோத்துல ஊத்துவாக. கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே கதைதான்" என்று சிரித்தார்.

எங்கள் குழுவில் நான் ஹவாய் கிட்டார் வாசித்தேன்; மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் கம்பிகளை வழுக்கி வாசிக்கும் கிட்டார். குழுவில் பாடாத ஒரே பெண் நான்தான். ஊருக்குத் திரும்பிய தூதரகக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அதன் ஸ்பீக்கர் பெட்டி கரையானுக்குப் போயிருந்தது. நெல்லையப்பன் சார் ஆம்ப்ளிஃபயரை மறுபடி கட்டி முடித்து, அதற்குப் பெட்டி தேட என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரே வரியை வாசிக்கச் சொல்லி, பெட்டி பெட்டியாக மாற்றிக்கொண்டே வந்தார். ஒரு பெட்டியில் என் வாசிப்பு அப்படிக் குழைந்தது. "இதுதான் சார்!" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "நீங்க வாசிச்சதைவிட நல்லா கேக்கு. இந்தப் பெட்டி பொய் சொல்லுது, வேண்டாம்" என்று கழற்றிவிட்டார். எனக்கு மூக்குமேல் கோபம். ஆனால் கடைசியில் அவர் தேர்ந்தெடுத்த பெட்டியில்தான் நான் எங்கே சுருதி விலகுகிறேன் என்று எனக்கே கேட்டது.

ஆம்ப்ளிஃபயரைக் கொடுக்கும்போது திருகாணிகளின்மேல் அரக்கு வைத்து, யாராவது திறந்தால் தெரிகிற மாதிரி முத்திரை போட்டிருந்தார். வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைத் தாண்டித் திருகக் கூடாது. பெட்டியைக் கழற்றிவிட்டு ஒருபோதும் வாசிக்கக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். "சக்தி வெளிய போறதுக்கு ஸ்பீக்கர்தான் வழி. அந்த வழிய அடைச்சா உள்ளயே எரிச்சுப்போடும்." தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "என்ன நெல்லையப்பன், எங்களை நம்பலையா?" என்றார். "இல்ல சார்" என்றார் இவர், சிரிக்காமல்.

இனி, கிளற வேண்டாம் என்று சொல்லப்பட்டது.

ஆர்.கே.புரத்தில் ஆண்டு விழா. தலைமை விருந்தினர் ஒரு ஜாயின்ட் செக்ரட்டரி. எங்களில் பாதிப் பேருக்குப் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் திரைக்கு முன்னால் நின்று பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் நான் பின்னறையில் பாடகிகளுடன் இருந்தேன். பேச்சு முடிந்து திரை விலகியது. முதல் பாட்டின் நடுவே என் முறை வந்தபோது ஆம்ப்ளிஃபயர் ஒரு தடவை கமறிவிட்டு நின்றுபோனது. கருகல் நாற்றம் முன்வரிசை வரை போனது. ஜாயின்ட் செக்ரட்டரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

அடுத்த ஒத்திகைக்குப் போனால் என் நாற்காலி இல்லை. "வால்யூமை ஏத்திட்டீங்க போல. பரவாயில்லை, லேடீஸுக்கு மெஷின் பழக்கம் கம்மி. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க வசந்தா" என்றார் தலைவர். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அலுவலகத்தில் நாளெல்லாம் தட்டச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு மெஷின் பழக்கம் இல்லையாம். வாரம் முழுக்கக் கோப்புகளை நகர்த்திக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கிட்டார்தான் மூச்சு. வீட்டுக்கு வந்து அழுதேன்.

நெல்லையப்பன் சார் என் வீட்டுக்கு வந்தபோது ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக் காப்பி போட்டேன். காப்பியைத் தொடவில்லை. "சிவப்புப் புள்ளியத் தாண்டுனீங்களா?" என்று ஆரம்பித்தார். இல்லை என்றேன். "தாண்டலைன்னு எப்படி நம்ப?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரோ விடவில்லை. கிட்டாரை எடுக்கச் சொன்னார். மேடையில் உட்கார்ந்த மாதிரியே உட்காரச் சொன்னார். ஆம்ப்ளிஃபயர் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கேட்டு அந்த இடத்தில் என் தையல் மெஷினை நகர்த்தி வைத்தார். அந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லி, இரண்டு கையையும் பருந்து மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையில் இரும்புத் துண்டு, வலது கை கம்பியில். குமிழ் முதுகுக்குப் பின்னால். "அதத் திருக உங்களுக்கு மூணாவது கை வேணும்" என்று சொல்லிவிட்டு, ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை ஒத்திகைக்கு, பழுது பார்க்கத் தன்னிடம் வந்திருந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். எல்லோர் முன்னாலும் தன் அரக்கு முத்திரை உடையாமல் இருப்பதைக் காட்டிவிட்டு, பிறகு திறந்தார். டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தது. வால்வு செருகும் இடத்தில் பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு. "பெட்டி இல்லாம வாசிச்சா மின்சாரம் தாவுன தடம் இப்படித்தான் விழும். பெட்டியக் கழத்துனது யாரு?" என்றார்.

விழாவன்று பார்வையாளர் வரிசையில் இருந்த சார் தானே தொடர்ந்தார்.

"ஆன்ல இருந்தா இது லேசா முனகிக்கிட்டே இருக்கும். ஜாயின்ட் செக்ரட்டரி பேச ஆரம்பிச்சதும் முனகல் நின்னுபோச்சு. அணைச்சுட்டாங்களான்னு பாத்தா, திரை இடுக்கு வழியா அதோட சிவப்பு விளக்கு எரியுது. எந்திரிச்சு மேடைக்கு வந்தேன். பெரியவர் பேசுதாருன்னு வாலண்டியர் புடிச்சு உக்கார வச்சுட்டாரு."

தபலா வாசிப்பவர்தான் கடைசியில் தலையைத் தூக்காமல் சொன்னார். தலைவர் அந்த முனகல் பேச்சுக்கு இடைஞ்சல் என்று பெட்டியின் வயரை உருவினார். சத்தம்தான் வராதே என்று, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பேச்சு முடியும்வரை தன் பேஸ் கிட்டாரை அதே ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பாட்டுகளை ஓட்டிப் பார்த்தார். பெட்டியைத் திரும்ப மாட்டியவரும் அவரே.

"பெரியவர் பேசறப்போ பின்னாடி முனகிட்டிருந்தா மரியாதையா இருக்குமா? அணைச்சா திரும்பச் சூடாக நேரமாகும். நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "சரி சரி, வசந்தாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க, ஜல்தி" என்றார். என்மேல் பழியைப் போட்டபோது அவருக்கு உண்மை தெரிந்திருந்ததா, தெரியாமல் சொன்னாரா? இன்றுவரை எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு அது கூடியிருக்கிறது.

அன்று பஸ் ஸ்டாப் வரை நெல்லையப்பன் சாருடன் நடந்தேன். "என்னை நம்பினதுக்கு ரொம்ப நன்றி சார்" என்றேன்.

"நம்பலையே" என்றார். "மொத சந்தேகம் உங்க மேலதான். வாசிச்சது நீங்கதான?"

"முனகல் நின்னது உங்களுக்கு அப்பவே தெரியுமே. அப்புறம் ஏன் என்னைப் போட்டுக் குடைஞ்சீங்க?"

"என் காத மட்டும் நம்பி ஒருத்தர் மேல பழி போட முடியுமா? அது எனக்கு வேண்டியதத்தான் கேட்டுதோ என்னமோ."

அப்போது எனக்கு மனம் நொந்துதான் போனது. நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அவர் அந்த ஆம்ப்ளிஃபயரை மறுபடி கட்டிக் கொடுத்தார், மறுபடி அரக்கு வைத்தார், நான் குழு கலையும்வரை வாசித்தேன்.

எங்கள் குழு ஒரு குடும்பம் மாதிரி, ஒருவரை ஒருவர் அப்படி நம்பினோம் என்று இரங்கல் கூட்டத்தில் தலைவர் உருகினார். உண்மைதான், எல்லோரும் எல்லோரையும் நம்பினார்கள். என் நாற்காலியை எடுத்துவிட அந்த நம்பிக்கையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. சாரின் நினைவாக என்னிடம் ஒரு வால்வோ ஒரு திருகாணியோ கிடையாது. ஆறிப்போன காப்பிக்கு முன்னால் அவர் என்னைக் குடைந்த அந்தக் கேள்விகள்தான் இருக்கின்றன. அந்த வாரம் முழுக்க, என் கை எங்கே இருந்தது என்று என்னிடம் கேட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.