எனக்கு ஜெபம் வந்த மொழி

ஒவ்வொருவருக்கும் கடவுள் ஒரு வரம் கொடுத்திருக்கிறார், அதைக் கண்டுபிடித்து வளர்ப்பதுதான் ஆவிக்குரிய வாழ்க்கை என்று மேடையில் நின்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். கண்டுபிடித்த பிறகு என்ன ஆகும் என்று அவர்கள் சொல்வதே இல்லை. நான் என் வரத்தைக் கண்டுபிடித்தேன், வளர்க்கவும் செய்தேன், அதனால்தான் கேட்கிறேன்.

நான் பிறந்தது ஆரியங்கோட்டில். அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை. வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் நடந்து போகிற தூரத்தில் இருந்த சபை மலையாளச் சபை. ஞாயிறுப் பள்ளியில் மனப்பாடம் செய்தது, பாடியது, பரீட்சைக்குப் பயந்து வேண்டிக்கொண்டது எல்லாம் மலையாளத்தில். அம்மாவிடம் சோறு கேட்டால் தமிழ், கடவுளிடம் எதையாவது கேட்டால் மலையாளம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான். ஒரு மொழியில் விலை கேட்டு இன்னொரு மொழியில் பேரம் பேசுகிற ஊர்களில் இதை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

கல்யாணம் ஆகிக் கொல்லயிலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் பாறசாலையில் மெயின் ரோட்டோரம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். முன்கோபம் எல்லாம் என் பங்குக்கு வந்திருந்தது. சட்டி பானை என் கையில் படுகிற பாட்டைக் கேட்டே மாமியார் எனக்கு அன்றைக்கு மனசு எப்படி என்று சொல்லிவிடுவார்.

அங்கே சபையில் இரண்டு மொழிக்காரர்களும் இருந்தோம். பெண்கள் சங்கம் வாரம் ஒரு வீட்டில் கூடும், மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு. வட்டமாக உட்கார்ந்து சங்கிலி ஜெபம் செய்வோம். ஒருத்தி முடித்ததும் அடுத்தவள் தொடங்க வேண்டும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம், அவரவர் மொழியில், ஒரே நேரத்தில். வெளியிலிருந்து கேட்டால் சந்தைக் கூச்சல் மாதிரி இருக்கும். யார் முந்தி முடித்தாலும் மற்றவர்களுக்காகக் காத்திருந்துவிட்டுத்தான் ஆமென் சொல்வது அங்கே வழக்கம்.

என் முறை வந்தால் இரண்டு வரி சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பவளுக்குத் தள்ளிவிடுவேன். அப்படி இருந்தவளுக்கு ஒரு நாள் வாய் திறந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு சேச்சி இருந்தாள். மலையாளக்காரி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். புது இடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி அவள்தான். அவளுடைய முதல் குழந்தை பிறந்த வாரத்திலேயே இறந்துபோனது. சங்கத்துப் பெண்கள் எல்லோரும் போய் உட்கார்ந்தோம். சங்கிலி தொடங்கியது, ஆனால் யாருக்கும் நாக்கு எழவில்லை. ஒவ்வொருத்தியும் மூக்கைச் சிந்திவிட்டு அடுத்தவளைப் பார்க்க, என்னிடம் வந்து நின்றது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. கண்ணை மூடினேன். பேச்சு வந்தது. நான் தேடாமல், கோர்க்காமல், தானாக வந்தது. கடவுளிடம் முதலில் சண்டைதான் போட்டேன், பிறகு கெஞ்சினேன், பிறகு அவள் உடம்புக்கும் மனசுக்கும் ஆறுதல் கேட்டேன். கண்ணைத் திறந்தபோது அதுவரை அழாமல் மரக்கட்டையாகக் கிடந்த சேச்சி என் மடியில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

அது மலையாளத்தில் வந்தது. அதை அன்று யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். காய்ச்சல், பிரசவம், வயசானவர்களின் கடைசி நேரம். குளத்தூரிலிருந்துகூட ஆள் வந்தது உண்டு. எனக்குத் தலைக்கனம் வரவில்லை, பயம்தான் வந்தது. கொடுத்ததைக் காப்பாற்ற வேண்டுமே என்று விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டுவதற்கு முன் கிணற்றங்கரைக் கல்லில் சும்மா உட்காரப் பழகினேன். ஜெபம்கூடச் செய்யாமல், உள்ளே கிடக்கிற இரைச்சல் அடங்குகிறவரைக்கும். வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம்வரை உபவாசம். கொஞ்சம் கொஞ்சமாக என் கோபம் குறைந்தது. மாமியார் ஒரு நாள், “என்னட்டி, சட்டியெல்லாம் இப்பம் சத்தமில்லாம இருக்கு,” என்றார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அப்போதுதான் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரிக்கிற பேச்சு வந்து, எல்லைப் போராட்டம் சூடு பிடித்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் எல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும், எங்கள் நெய்யாற்றின்கரையும் சேர்த்துத்தான் என்று கேட்டார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தாலுகாக் கச்சேரியில் ஒரு மனு எழுத வேண்டுமானால் மலையாளம் தெரிந்தவன் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் சைக்கிள் கடை, போராட்டம் நடத்திய கட்சிக்காரர்கள் கூடுகிற இடமாகிவிட்டது. பஞ்சர் ஒட்டுகிற தொட்டிக்குப் பக்கத்தில் கொடிக்கம்புகள் சாய்த்து வைத்திருக்கும். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷன் ஊர்வலத்தில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டி வந்து சுக்கு வெந்நீர் கேட்டார். ஒரு தடை செய்த ஊர்வலத்தில் போலீஸ் அடித்து, பிடித்துக்கொண்டும் போனது. அவரும் தோளில் அடி வாங்கி உள்ளே போனார்.

பிடிபட்டவர்களின் வீட்டுப் பெண்கள் சேர்ந்து பாறசாலையில் ஒரு வீட்டில் உபவாச ஜெபம் வைத்தார்கள். வீட்டுக்காரியின் தம்பியும் ஜெயிலில் இருந்தான். முற்றம் நிறையக் கூட்டம், கட்சியின் பெரிய ஆட்களும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபவரம் உள்ளவள் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். நானும் அவரை நினைத்தேன். அடிபட்ட தோளோடு எந்தத் தரையில் படுத்திருக்கிறாரோ என்று நினைத்ததும் நெஞ்சு நிறைந்து வந்தது. வாய் திறந்தேன்.

“என்றெ தெய்வமே,” என்றுதான் வந்தது. அதற்கு மேலும் மலையாளத்திலேயேதான் வந்தது. யாரோ கனைத்தார்கள். ஒரு நாற்காலி நகர்ந்தது. நான் நிறுத்தவில்லை, எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஆமென் சொன்னபோது இரண்டு மூன்று குரல்கள்தான் கூடச் சொல்லின.

அந்த வீட்டுக்காரி என்னை அடுக்களைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். “ஏட்டி, ஒனக்க கெட்டினவன் எதுக்காக்கும் ஜெயிலுல கெடக்கான்? அது தெரிஞ்சுமா இப்பிடி ஜெபிச்ச?”

“வந்தத ஜெபிச்சேன் அக்கா.”

“வந்தத எல்லாம் பேசுதுக்கு நம்ம ஆளுவ எதுக்கு அடி வாங்கணும்? கடவுளுக்குத் தமிழ் தெரியாதா?”

கடவுளுக்குத் தெரியும், எனக்குத்தான் அந்த நேரத்தில் அது வருவதில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்குப் புரியுமா? பசியோடு வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர் விடுதலையாகி வந்தார். அவருக்கு முன்னாலேயே செய்தி கடைக்குப் போயிருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் இரண்டு பேசியிருப்பேன். அவரோ சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: “நீ செய்தது தப்புன்னு நான் சொல்லேல பிள்ளே. ஆனா நாலு பேரு கேக்கான். சொந்த வீட்டுக்காரி கடவுளுட்டத் தமிழ் பேசமாட்டாளாமே, நீ எதுக்கு வோய் கொடி பிடிக்கன்னு கேக்கான். நான் என்ன சொல்லுவேன்? தமிழ்ல ஜெபிச்சுப் பழகிப் பாரேன். எனக்காக.”

அந்த ‘எனக்காக’தான் என்னை மாட்டிவிட்டது.

பழகினேன். கிணற்றங்கரைக் கல்லில் சும்மா உட்காருவதை விட்டுவிட்டு, தமிழில் ஜெபம் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தேன். வீட்டில் பேசுகிற தமிழ் அதற்கு ஒத்துவரவில்லை, அதில் நான் கடவுளிடம் பேசியதே கிடையாது. அதனால் வேதப் புத்தகத் தமிழைப் பிடித்தேன். உம்முடைய கிருபையின்படி, தயவாய் நினைத்தருளும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். உள்ளே ஒன்று மலையாளத்தில் கிளம்பும். அதைப் பிடித்து நிறுத்தி, தமிழுக்கு மாற்றி, பிறகு வெளியே விடுவேன். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றி ஊற்றிக் கஞ்சி ஆறிப்போகுமே, அப்படி ஆறிப்போனது. கொஞ்ச நாளில் உள்ளே கிளம்புவதும் நின்றுவிட்டது. மாற்றுவதற்கு ஒன்றும் வராமல், அடுக்கிய வார்த்தைகள் மட்டும் வந்தன.

இதற்குள் சங்கமும் இரண்டாகிவிட்டது. மலையாளக்காரிகள் ஒரு நாள், நாங்கள் ஒரு நாள். பரமண்டல ஜெபம் இப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சுத்தமாக முடிந்தது. சேச்சி அந்தப் பக்கம். கிணற்றடியில் பார்த்தால் பேசுவோம், ஆனால் அரிசி விலையும் மழையும்தான்.

சபை உபதேசியாரிடம் போய், ஜெபம் வறண்டுவிட்டது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “பெருமை வந்தா வறளும் மக்கா. உபவாசத்தக் கூட்டு,” என்றார். கூட்டினேன். தலைசுற்றல்தான் வந்தது. பழைய கோபமும் திரும்பி வந்தது. ஒரு மண்சட்டியை நான் வைத்த வேகத்தில் அது இரண்டாகப் பிளந்தது. மாமியார் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். இத்தனை காலம் எழுந்ததும் உட்கார்ந்ததும் பட்டினி கிடந்ததும் இதற்குத்தானா என்று எனக்கு வெறுத்துப்போனது. எல்லை எங்கே போட்டால் என்ன, அதை என் தொண்டைக்குள் வந்து போடுவானேன்?

கடைசியில் எல்லை போட்டார்கள். தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்த என் வீட்டுக்காரர் கடையைத் திறக்கவே இல்லை. மறுநாள் திறந்தார், ஆனால் வாடகைக்கு வந்தவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவதைக்கூடக் கவனிக்காமல் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாரக்கணக்கில் அப்படி. என்ன கேட்டாலும் ‘ம்’ என்பார். அந்த மனுஷனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நான் அவருக்காகத் தொலைத்தது அவருக்கும் உதவவில்லையே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

அந்த நாட்களில் ஒரு காலையில் சேச்சியின் நாத்தனார் வேலி தாண்டி ஓடி வந்தாள். சேச்சிக்கு வலி எடுத்து வெகு நேரமாகிவிட்டது, குழந்தை இறங்கவில்லை, என்னைக் கூப்பிடுகிறாள் என்றாள். நான் ஈரக்கையோடு ஓடினேன். ஓடும்போதே எனக்குச் சந்தோஷம், வெட்கமில்லாமல் சொல்கிறேன். என்னை மறக்கவில்லையே. இங்கே எந்தக் கட்சிக்காரனும் இல்லை, எனக்கு வருகிற மொழியில் நான் கேட்கலாம்.

பாயில் வேர்த்து நனைந்து கிடந்தாள். மருத்துவச்சி காலடியில் இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் குழந்தையை இழந்த அந்தப் பழைய பயத்தோடு என்னைப் பார்த்து, “ஒந்நு ப்ரார்த்திக்கெடி,” என்றாள்.

கண்ணை மூடினேன். “கர்த்தாவே, உம்முடைய கிருபையின்படி இவளைத் தயவாய் நினைத்தருளும்,” என்றது என் வாய்.

திடுக்கிட்டு நிறுத்தினேன். மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதே அடுக்கு, அதே தமிழ். மலையாளத்தைத் தேடினேன். சாதாரணப் பேச்சு இருந்தது. உப்பு, புளி, மழை எல்லாவற்றுக்கும் வார்த்தை இருந்தது. கடவுளிடம் பேசுகிற அந்த ஒன்று மட்டும் இருந்த இடத்தில் இல்லை. நான் அத்தனை நாளும் முக்கி முக்கிப் பழகியது அப்போதுதான் பலித்தது.

சேச்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “நீயும் பார்ட்டியில் சேர்ந்நு, அல்லே?” என்றாள். வலியோடு சொன்னதால் அதில் கோபம்கூட இல்லை. என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “இல்ல சேச்சி, அப்படியில்ல,” என்று நான் சொன்னதை அடுத்த வலி மூடிவிட்டது.

மருத்துவச்சி அதட்டி அதட்டிக் குழந்தையை வெளியே கொண்டுவந்தாள். பெண் குழந்தை. நன்றாக அழுதது. நாத்தனார் துடைத்து வாங்கிக்கொண்டாள். என்னிடம் யாரும் குழந்தையைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். “நல்லபடியாப் பெத்தாளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“நீ ஜெபிச்சியா?”

“ஜெபிச்சேன்.”

கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, “எதுல?” என்றார்.

“தமிழ்ல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் வந்தது. மலையாளக்காரி வீட்டிலேயே போய்த் தமிழில் ஜெபித்துவிட்டு வந்திருக்கிறாள் என் பெண்டாட்டி என்று அவருக்குள் ஓடுவது எனக்கு அப்படியே தெரிந்தது. “கொள்ளாம்,” என்று மெச்சினார். நன்றாகச் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டார். அகப்பை என் கையில் இருந்தது. அந்தச் சுடுகஞ்சியை அவர் தலையில் கொட்டிவிடலாமா என்று இருந்தது எனக்கு. கிண்ணத்தில்தான் ஊற்றினேன்.