இடுப்பில் தட்டுப்பட்ட கம்பி

என் தங்கையின் தொடையெலும்புக்குள் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. அதை நினைத்தாலே எனக்குப் பெருமை தாங்காது. தும்மினால்கூட முறிகிற எலும்பு அவளுக்கு. கோலாலம்பூரில் ஒரு டாக்டர் அந்த எலும்பைத் துண்டு துண்டாக வெட்டி, மணி கோர்ப்பதைப்போலக் கம்பியில் கோர்த்துவிட்டார். ஏழு வயதுவரை நாங்கள் தூக்கிச் சுமந்த பிள்ளை தடி ஊன்றிப் பள்ளிக்கூடம் போனாள்! புக்கிட் ரோத்தான் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில், அந்தக் கம்பியை நான் படம் போட்டு விளக்காத வீடே கிடையாது.

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, காலையில் வெளியே போகிற எல்லாரையும் வாசலில் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு தமிழ்ப் பெண் இருந்தார், எங்களுக்கெல்லாம் அக்கா. ஒருநாள் தங்கையின் இடுப்புக்குக் கீழே அவர் கை நின்றது.

"என்னத்தடி ஒளிச்சு வச்சிருக்க?"

நான்தான் முந்திக்கொண்டேன். "கம்பிக்கா அது. டாக்டர் வச்சது லா."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. என் படத்தில் கம்பி முழுக்க எலும்புக்குள் இருந்தது. விரலுக்குத் தட்டுப்படுகிற இடத்தில் அதற்கு என்ன வேலை?

வாசலில் இருந்த சோதனைச் சாவடிக்குள் அழைத்துப்போய்ப் பாவாடையைத் தளர்த்திப் பார்த்தோம். தோலுக்கு அடியில் கம்பியின் முனை முட்டிக்கொண்டு நின்றது. சுற்றிலும் சிவப்பு. இரண்டு வாரமாக ஒருக்களித்தே உட்கார்ந்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் படம் போட்டவளுக்கு அது கண்ணில் படவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"திரும்ப மாவுக்கட்டு போட்டுப் படுக்க வச்சிருவீங்க. நான் ஸ்கூலுக்குப் போவணும்."

தோல் கிழிந்து சீழ் பிடித்தால் காலே போய்விடும் என்ற அந்த அக்கா, வரிசையை அப்படியே நிற்கவைத்துவிட்டு ஓடிப்போய்த் தோட்டத்து லோரியை மறித்தார். அம்மாவும் நாங்களும் அதிலேயே கோலாலம்பூர் போனோம்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து எனக்கே காட்டினார். தங்கை வளர்ந்திருந்தாள், கம்பி வளராதே! எலும்பு நீள நீள, கீழே கம்பியில்லாத பகுதி வளைந்துவிட்டது. பிடி தளர்ந்த கம்பி மேலே நழுவியிருந்தது. நல்லவேளை, தோல் தாங்கியது. நீளமான கம்பியாக மாற்றி வைத்தார். இன்னும் வளர்ந்தால் இன்னொன்று வைக்க வேண்டுமாம்.

மாவுக்கட்டு பிரித்துப் பள்ளிக்குக் கிளம்பிய முதல் காலை, வரிசையில் தங்கை எனக்கு முன்னால் நின்றாள். அந்த அக்கா பையைக் கேட்டார். இவளோ இடுப்பைத் திருப்பிக் காட்டினாள்.

"மொதல்ல இங்க பாருங்கக்கா. உள்ளதான இருக்கு?"

அவர் நன்றாக அழுத்திப் பார்த்தார். "உள்ளதான் இருக்கு. ஓடு."

ஓடத்தான் அவளால் முடியாது. ஆனாலும் அன்று அவளை எட்டிப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.