ஜினப்பிரியாவின் குரல்

செஞ்சியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளுக்கு ட்ரோனில் மருந்தடிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஜினப்பிரியாவின் குரல் பழக்கம். கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்துபவள். விண்வெளியிலிருந்து வந்து விழும் காஸ்மிக் கதிர்களை எண்ணும் கருவியை மொட்டை மாடியில் வைத்திருந்தாள். சூரியன் கக்கும் புயல், பூமிக்கு வரும் முன்பே அந்தக் கதிர்களை வழியிலேயே விலக்கித் தள்ளிவிடும். எண்ணிக்கை குறைந்தால் புயல் வருகிறது என்று அர்த்தம். வந்தால் ஜிபிஎஸ் குழம்பும், ட்ரோன் தறிகெட்டு ஓடும். யார் தலையில் விழுமோ, யார் கண்டது!

அந்த மாதிரி நாளில் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்புவாள். "இன்னிக்கி யாரும் ட்ரோன் எடுக்காதீங்க, வானம் சரியில்ல." சொன்னதெல்லாம் பலித்தது. அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை, இருக்காதா பின்னே! செய்த ஒரே தப்பு, தேதி சொல்லாமல் பேசியதுதான்.

தம்பி ஹர்ஷவர்தனுக்கும் ட்ரோன் தொழில்தான். மல்லாட்டையில் புழு விழுந்து, எல்லாக் கொல்லைக்காரர்களும் ஒரே சமயத்தில் கூப்பிட்டார்கள். அக்கா போனை வீட்டில் வைத்துவிட்டுப் பரீட்சை மேற்பார்வைக்குப் போன நேரம் பார்த்து, அதிலிருந்தே அவளுடைய பழைய குரல் பதிவை அன்றைய எச்சரிக்கை போலக் குழுவில் தட்டிவிட்டான் அந்தப் புண்ணியவான். மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். இவன் பக்கத்து ஊரான வல்லம் பூராவும் மருந்தடித்து முடித்தான்.

சாயங்காலம் இனியன் போன் செய்தான். அவனும் ட்ரோன்காரன். "இன்னா மேடம், உங்க தம்பி ட்ரோன் மட்டும் பறக்குது? புயல் கதையெல்லாம் இதுக்குத்தானா?"

"சத்தியமா நான் அனுப்பலப்பா" என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

சமண வீடு, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். தம்பி தட்டின் முன்னால் இருந்தான்.

"ஏன்டா இப்படிப் பண்ண?"

"ஒரு நாளுதானேக்கா. யாருக்கு இன்னா நஷ்டம்?"

"என் பேச்ச இனிமே எவன்டா நம்புவான்? கூடப் பொறந்தவனாடா நீ?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பேசிப் பேசியே இருட்டிவிட்டது. அன்று அவள் பட்டினி.

அடுத்த மாதம் எண்ணிக்கை மறுபடி சரிந்தது. இந்த முறை தேதியும் சொல்லிக் கெஞ்சினாள். பதிலுக்குச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. மத்தியானம் இனியனின் ட்ரோன் தடம் மாறித் திரும்பி, அவன் கையையே கிழித்தது.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினாள். வாசலில் தம்பியின் ட்ரோன் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது.

"நீ எடுக்கலையா?"

"நீதான எடுக்கக் கூடாதுன்னு சொன்னக்கா" என்றான் அவன்.