நடுத்தண்ணீரில் ஒரு முகூர்த்தம்

முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருந்தபோது படகின் மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. அணைக்கட்டு ஏரியின் நட்டநடுவில், எந்தக் கரையும் கைக்கெட்டாத இடம். படகில் மாப்பிள்ளை வீட்டார் பதினைந்து பேர், அவர்களோடு நான். பாளையங்கோட்டைக்காரியான நான் அப்போது அக்கரைக் குடியிருப்பின் ஓராசிரியர் பள்ளிக்கு டீச்சர். மலைமேல் இருந்த அந்தக் குடியிருப்புக்கு வேறு வழி கிடையாது. அரிசி, தபால், ஆடு, பிள்ளைத்தாய்ச்சிகள், எல்லாம் அந்த ஒரே படகில்தான்.

அதை ஓட்டியவரை டிரைவர் அண்ணாச்சி என்போம். மோட்டாரைக் கழற்றினார், ஊதினார், துடைத்தார், கெஞ்சினார். "பைய சரியாயிரும்வே, பதறாதேயும்" என்று மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குச் சமாதானம் சொன்னார். பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "சகுனமே சரியில்ல. மோட்டார் ஓடுனா இக்கரைக்கே திருப்பும். இந்தச் சம்பந்தம் வேண்டாம்." தாலித் தட்டை மடியில் வைத்திருந்த மாப்பிள்ளை தலை குனிந்தார். பெரியப்பா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசிப் பழகாதவர். என் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வாரமாய் உட்கார்ந்து தோரணம் கட்டியிருந்தார்கள்.

அப்போதுதான் அக்கரையிலிருந்து மீன்பிடிக்கிற மூங்கில் தெப்பங்கள் இரண்டு வருவதைப் பார்த்தோம். பின்னதில் பெண்ணின் அப்பாவும் அம்மாவும். முன்னதில் தாய்மாமன் துடுப்புப் போட, கூறைப்புடவையை முழங்கால்வரை செருகிக்கொண்டு கல்யாணப்பெண்ணே உட்கார்ந்திருந்தாள். தெப்பம் படகை உரசியதும் பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "நேரம் போவுது மாமா. இங்கனயே கட்டச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளை எழுந்தார். படகு ஆடியது. "பெரியப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அவ ஏறட்டும்."

பெரியப்பா தள்ளி உட்கார்ந்தார். டிரைவர் அண்ணாச்சி டீசல் டின்னைத் தட்டியதுதான் கெட்டிமேளம். மூன்றாவது முடிச்சு விழுந்த கையோடு மோட்டார் உறுமிக் கிளம்பியது. அண்ணாச்சி வேண்டுமென்றே நிறுத்தினார் என்று இன்றைக்கும் சொல்வோர் உண்டு. கேட்டால் சிரிப்பார்.

பின்னர் மலையைச் சுற்றி ரோடு வந்தது, படகு கரையேறியது. சில காலம் கவிழ்ந்து கிடந்து ஆடுகளுக்கு நிழல் தந்தது. அண்ணாச்சிக்கு மனம் கேட்கவில்லை. லாரியில் ஏற்றி அடிவாரத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்து, ஓட்டையை அடைத்து, நீல வர்ணம் பூசி, பிள்ளைகள் விளையாட வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். அந்தக் கல்யாணப்பெண்தான் இப்போது அங்கே சத்துணவு சமைக்கிறாள். மணி அடித்ததும் பிள்ளைகள் படகை நோக்கி ஓட, கையில் கரண்டியோடு அவள் வெளியே வந்து ஒரு சத்தம் போட்டாள்:

"ஏலே, செருப்பக் கழத்திட்டு ஏறுங்கலே! அது எங்க கல்யாண மண்டபம்!"