பிரித்துப் பிரித்துத் தைத்த சீருடை

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் பதினான்கு மிஷின்கள். ஜன்னலோரம் இருப்பது அவளுடையது. பெண்பிள்ளைகளின் கவுனுக்குப் பக்கத் தையல் போடுவது அவள் வேலை. அக்குளில் தொடங்கினால் விளிம்பு வரை ஒரே ஓட்டம். நடுவில் ஊசி நிற்கக் கூடாது, துணி சுருங்கக் கூடாது. கட்டிங் மாஸ்டர் யாரையும் லேசில் பாராட்டிவிடுகிற ஆள் இல்லை. அவரே, "இந்தம்மா ஒட்டுப் போட்டா, போட்ட இடத்தை எறும்பு ஊர்ந்து தேடினாலும் கிடைக்காது" என்பார். கேட்டும் கேட்காததுபோல் அவள் தலையைக் குனிந்து பாபினை மாற்றுவாள். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருக்கும்.

அவளுக்கு ஒரே மகள். எட்டு மாதத்தில் அவசரப்பட்டு வந்து, ஒன்றே முக்கால் கிலோ எடையோடு பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையை வெளியே நின்று இருபத்தாறு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் தாய். அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி வைத்த பெயர்தான் பொடிசு. பத்து வயதாகியும் வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

அப்படிப் பிழைத்த பிள்ளை ஒரு வாய் கூடுதலாக விழுங்கினாலும் பெற்றவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தமாதிரி இருக்கும். பாலுக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, போகப்போக நான்கு கரண்டியாயிற்று. சோற்றில் வெண்ணெய் உருகி ஓடினால்தான் மனம் ஆறும். பள்ளி விட்டதும் பொடிசு நேராகத் தையல் கூடத்துக்கு வந்து, துணிக் கட்டுகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். மிஷினை விட்டு எழ முடியாத அம்மா, எட்டி ஒரு சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுவாள். அது தீர்ந்தால் பிஸ்கட், அப்புறம் கலர் பாட்டில். பிள்ளை சத்தம் போடாமல் இருந்தாள், வேலை நடந்தது. அப்பா பஸ் கண்டக்டர். அவர் வீடு திரும்பும்போது தோள்பையில் ஒரு இனிப்புப் பொட்டலம் இல்லாத நாள் கிடையாது.

அன்று டாக்டரிடம் போனதுகூட எடைக்காக இல்லை, கழுத்துக்காக. பொடிசின் பின்கழுத்தில் பட்டையாக ஒரு கறுப்பு ஏறியிருந்தது. அழுக்கு என்று நினைத்துத் தாய் தினமும் நாரைப் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்தது, பிள்ளை அலறினாள், கறுப்பு மட்டும் அசையவில்லை.

குழந்தை டாக்டரம்மா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதையா தேய்ச்சீங்க? இது அழுக்கு இல்லைம்மா. உடம்புக்குள்ள சர்க்கரையோட நடக்கிற சண்டை, தோல்ல எழுதிக் காட்டுது" என்றார். பிள்ளையை எடைக்கருவியில் ஏற்றினார். ஐம்பத்தாறு கிலோ. ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது.

"மூணு மாசம் டைம். சாப்பாடு மாறணும், பிள்ளை ஓடி ஆடணும். அந்தக் கோட்டைத் தாண்டிட்டா பத்து வயசுலயே மாத்திரைதான். சரி, உடுப்பெல்லாம் எப்ப இருந்து இறுக்கமாச்சு?"

"இறுக்கமா? என் பிள்ளைக்கு உடுப்பு ஒரு நாளும் இறுகினதே இல்லைங்களே."

சொன்ன மாத்திரத்தில் தன் கையால் போட்ட ஒட்டுகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

வீட்டுக்கு வந்ததும் பொடிசின் கவுனை எடுத்து உட்புறமாகத் திருப்பிப் போட்டாள். இரண்டு பக்கமும் பட்டை பட்டையாக ஒட்டுகள். ஒவ்வொரு பருவ விடுமுறையிலும் ஒன்று. வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்துவிடக் கூடாது என்று அவளே பிரித்து, அதே துணியில் அரை இன்ச், முக்கால் இன்ச் சேர்த்துத் தைத்தவை. டேப்பை வைத்துப் பார்த்தாள். மொத்தம் ஏழு இன்ச். காலரில் மட்டும் முதன்முதலில் தைத்த சைஸ் சீட்டு அப்படியே இருந்தது: இருபத்தெட்டு. அந்த எண்ணைத் தோழிகளிடம் காட்டி, "நான் ஒண்ணும் குண்டு இல்ல, நானும் இருபத்தெட்டுதான்" என்று பொடிசு வாதாடுவது அவளுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் பளிச்சென்று தெரிந்தது, பெற்றவளுக்கு மட்டும் தெரியாமல் போனது எப்படி? கண்ணை மூடிக்கொண்டாலாவது மன்னிக்கலாம். இவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோத்து, தன் கண்ணைத் தானே தைத்திருந்தாள்.

மறுநாளே வீட்டிலிருந்த பாக்கெட்டுகளை அள்ளிக் குப்பையில் போட்டாள். கேரட், பீன்ஸ், வேகவைத்த முட்டை, பயறு என்று பொடிசுக்குத் தனித்தட்டு வைத்தாள். வந்து பார்த்த கண்டக்டருக்கு முகம் சுருங்கியது.

"ஒரே ஒரு பொட்டலத்துல என்ன வந்துடப் போகுது? நாள் முழுக்க நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிக்கிறேன். கதவைத் தட்டினதும் ஓடி வர்றா பாரு, அந்த ஓட்டத்துக்காகத்தான் நான் வீட்டுக்கே வர்றேன்."

"அந்த நாலடி ஓட்டத்துக்குத்தாங்க அவளுக்கு மூச்சு வாங்குது."

அவர் பொட்டலம் வாங்குவதை நிறுத்திவிட்டார். பொடிசும் கதவுக்கு ஓடி வருவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு மாதம் போயிற்று. எடை அரைக் கிலோகூட இறங்கவில்லை. பொடிசு தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். "உங்களுக்கெல்லாம் ரொட்டியும் ஜாமும், எனக்கு மட்டும் புல்லா?" என்று கேட்டாள். தாய்க்கு ராத்தூக்கம் போயிற்று. டாக்டர் சொன்ன கோடு கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்தத் தவிப்பில்தான் ஒரு தையல்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடிய அந்த யோசனை அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருடம் துணியைத் தளர்த்தித் தளர்த்தித்தானே பிள்ளையைக் கெடுத்தோம்? இனி துணியே பிள்ளையைப் பிடித்து நிறுத்தட்டும்.

புதிதாக ஒரு கவுன் தைத்தாள். இருக்கிற உடம்புக்கு இரண்டு இன்ச் குறைவு. பின்னால் பிரித்துவிட முடியாதபடி உள்ளே மிச்சத் துணி விடாமல் ஒட்ட வெட்டினாள். பக்கத்தில் இரட்டைத் தையல்.

பொடிசு வயிற்றை எக்கிக்கொண்டு மாட்டினாள். "அம்மா, மூச்சு விட முடியலம்மா."

"கொஞ்ச நாள் வாயைக் கட்டு. தானா தளர்ந்துடும்."

கூடத்தில் கட்டிங் மாஸ்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பிள்ளைக்கு உடுப்பு தைச்சியா, தலையணைக்கு உறை தைச்சியா?" என்று கேட்டார். மற்ற மிஷின்காரிகள் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொடிசு போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு மதியச் சாப்பாட்டு டப்பா தினமும் வழித்துத் துடைத்த மாதிரி காலியாக வந்தது. பீன்ஸில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. 'ஒருவழியாகப் பிள்ளை வழிக்கு வந்துவிட்டாள்' என்று தாய் நிம்மதியாக மூச்சு விட்டாள். கவுனும் லேசாகத் தளர்ந்த மாதிரி தெரிந்தது. சர்க்கரை டப்பா மட்டும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாயிற்று. அதை அவள் கவனிக்கவில்லை.

மூன்று மாதக் கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது பள்ளியிலிருந்து போன் வந்தது. மிஷினை ஓட விட்டபடியே எழுந்து ஓடினாள்.

உடற்பயிற்சி வகுப்பில், கையைத் தூக்கச் சொன்னபோது பொடிசு மயங்கி விழுந்திருக்கிறாள். விழும்போது கவுன் அக்குளிலிருந்து இடுப்பு வரை கிழிந்திருக்கிறது. சுற்றி நின்ற பிள்ளைகளில் சிலர் பயந்தார்கள். சிலர் சிரித்தார்கள். வகுப்பு டீச்சர் தன் சால்வையைப் போர்த்தி அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்.

"டப்பாவை இவ தொடவே மாட்டாளாம்மா. பக்கத்துல இருக்கிற பிள்ளைங்களுக்குக் கொடுத்துடுவாளாம். இன்னைக்குத்தான் எனக்கே தெரியும்" என்றார் டீச்சர்.

அம்மாவைக் கண்டதும் பொடிசு சால்வையை விலக்கிக் கிழிசலைக் காட்டினாள்.

"தையல் விட்டுடுச்சும்மா. நான் சாப்பிடவே இல்லம்மா. சத்தியமா சாப்பிடல. அப்படியும் விட்டுடுச்சும்மா."

எறும்புக்குக்கூட வழி விடாத அந்த இரட்டைத் தையலைத் தாய் பார்த்தாள். நூல் அறுந்திருக்கவில்லை. துணிதான் கிழிந்திருந்தது.

மூவருமாகப் போய் உட்கார்ந்ததும் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டை இரண்டு தடவை படித்தார். எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. சர்க்கரை கோட்டைத் தாண்டியிருந்தது. பொடிசிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் தெரியாமல் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாக. அம்மா அப்பாவுக்கு வைத்திருக்கும் ரொட்டியும் ஜாமும். எல்லாம் வந்தது.

"நான் பட்டினி போடச் சொன்னேனாம்மா?" டாக்டரின் குரல் உயர்ந்தது. "வளர்ற பிள்ளைக்கு வயிறு நிறையணும். எதால நிறையுதுங்கிறதுதான் பேச்சு. காயும் பயறும் முட்டையும் அவளுக்குத் தண்டனை மாதிரி தனித்தட்டுல வெச்சா எப்படி இறங்கும்? உங்க வீட்ல அவகூட உட்கார்ந்து அதையே சாப்பிட்டது யாரு?"

கண்டக்டர் பயணிகளுக்குச் சில்லறை தேடுகிறவர்போல் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். தாய்க்குத் தன் மதியச் சாப்பாடு ஞாபகம் வந்தது. டீயும் இரண்டு இனிப்பு பன்னும். மிஷினை நிறுத்தாமலே, ஒரு கையால்.

"இது உங்க மூணு பேருக்கும் சேர்த்து எழுதின சாப்பாட்டுச் சீட்டு. அவளை மட்டும் மாத்த முடியாது. இன்னும் முயற்சி செய்யலாம், கண்டிப்பா செய்யணும். ஆனா மாத்திரையை இனிமே தள்ளிப்போட முடியாது."

மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையை அளவாக வெட்டிக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். தாழ்வான அந்தக் கடையிலிருந்து தெருவுக்கு ஏற ஐந்தே ஐந்து படி. மூன்றாவது படியிலேயே பொடிசு நின்று மூச்சு வாங்கினாள். அப்பா கையை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கி, அதன்மேல் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அம்மா, 'சாப்பாட்டுக்குப் பின்'னு போட்டிருக்கும்மா."

"ஆமா கண்ணு. வெறும் வயித்துல போடக் கூடாது."

பொடிசு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அப்படின்னா, நான் இனிமே சாப்பிடலாமாம்மா?"

தாய் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இறங்கி வருகிறவர்களும் ஏறிப் போகிறவர்களும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.