திருப்பிச் சொல்லு

என் அக்காவின் கணவருக்கு எங்கள் குடும்பத்தில் ‘திருப்பிச்சொல்லு’ என்று பெயர். முகத்துக்கு நேரே மாமா. அந்தப் பக்கம் போனதும் திருப்பிச்சொல்லு. கடைக்குப் போகிறவனிடம், “ரெண்டு சோப்பு, ஒரு பல்பு. எங்க, திருப்பிச் சொல்லு” என்பார். அவரை அனுப்பினாலும் அப்படித்தான், தானே ஒருமுறை ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். கல்யாணத்தன்று போட்டோகிராபர் “கொஞ்சம் சிரிங்க சார்” என்றதற்கு, “சிரிக்கிறேன்” என்று பதில் சொல்லிவிட்டுச் சிரித்த மனிதர் அவர்.

தொழில் கொடுத்த பழக்கம் அது. மாமா லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கம்பெனி. லிஃப்ட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருப்பார். இன்னொருவர் அடியில், கூண்டுக்குக் கீழே உள்ள குழியில் நிற்பார். மாமா குழிக்காரர். அவர் கீழிருந்து “ஒரு அடி எறக்கு” என்றால், மேலே இருப்பவர் “ஒரு அடி எறக்குறேன்” என்று திருப்பிச் சொல்ல வேண்டும். “எறக்கு” என்று மாமா இன்னொரு முறை சொன்ன பிறகுதான் மேலே இருப்பவரின் விரல் பொத்தானைத் தொடலாம். தலைக்கு மேலே ஒரு டன் இரும்பு தொங்கும்போது, ‘நீ இதைத்தான் சொல்வேன்னு நானே நினைச்சுக்கிட்டேன்’ என்று யாரும் சொல்ல முடியாது பாருங்கள்.

பூட்டு விஷயம் ஒன்று உண்டு. கூண்டை நகர்த்தத் தேவையில்லாத வேலை நடக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, இருவரும் அவரவர் பூட்டை அதில் மாட்டிவிடுவார்கள். சாவி அவரவர் பையில் இருக்கும். ஒருவர் பூட்டை இன்னொருவர் தொடவே கூடாது. பூட்டோடு பெயர் பொறித்த சிவப்புத் தகடு ஒன்று தொங்கும். கம்பெனிச் சுவரில் இந்தப் பூட்டுகளுக்கென்று வரிசையாகக் கொக்கிகள் உண்டு. முதல் கொக்கி குழுத் தலைவருக்கு. பத்து வருஷமாக அதில் மாமாவின் பூட்டு தொங்கியது. இரண்டாவது கொக்கி அவருடைய கூட்டாளிக்கு. எப்போதும் மோட்டார் அறையிலேயே இருப்பதால் அந்த ஆளுக்கு ‘மேல்மாடி’ என்று பெயர் வைத்திருந்தோம். மேல்மாடி காலி என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்பவே நிரம்பிய மேல்மாடி.

என் அக்கா அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் சோதிக்கும் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றபடி வேலை. வீடு நாலாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. “ஊருக்கெல்லாம் லிஃப்ட் விடுறவர் பொண்டாட்டி நான். எண்பத்தாறு படி ஏறிச் சாகிறேன்” என்று ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். அவளுக்கு முழங்கால் போய்விட்டது. டாக்டர் படியைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். படி என்ன, சாப்பாட்டு உப்பா, குறைத்துக்கொள்ள?

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. நகரத்திலிருந்து ஏழு மணி நேரப் பயணத்தில் ஒரு கிராமம். அங்கே சின்ன ஆஸ்பத்திரி. சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாளர் பதவியும், ஆஸ்பத்திரி வளாகத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வீடும். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமாவுக்கு முகம் தொங்கிவிட்டது. கிராமத்தில் லிஃப்ட் மெக்கானிக் என்ன செய்வார்? மரத்துக்கு லிஃப்ட் வைப்பாரா?

“நீங்க யோசிச்சு சொல்லுங்க. போய்ச் சேர மூணு மாசம் டைம் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்” என்றாள் அக்கா.

“நான் என்ன சொல்றேனோ அதுதான்” என்று மாமா திருப்பிச் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அந்தப் பேச்சு நடந்த மூன்றாவது நாள் அக்கா என் கடைக்கு வந்தாள். பதவியை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட கடிதத்தை நீட்டினாள். “ரெண்டு காப்பி எடுடா. பத்து நாளுக்குள்ள பதில் போகணுமாம், இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்” என்றாள்.

“மாமாகிட்ட மூணு மாசம்னு சொன்னே?”

“போய்ச் சேர மூணு மாசம். அது பொய் இல்லையே. அவர் மெதுவா யோசிக்கட்டும். யோசிச்சு யோசிச்சு மனசு ஆறிடும். கடைசில அவரே சரின்னு சொல்லிடுவாரு. தானே முடிவெடுத்த மாதிரி இருக்கும்ல?”

நான் காப்பி எடுத்தேன். பளிச்சென்று வந்தது. அக்கா சொன்னது அப்போது எனக்கு அன்பாகத்தான் தெரிந்தது, சத்தியமாக. இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அன்று முதல் மாமா யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசனை சும்மா மோட்டுவளையைப் பார்ப்பது இல்லை. ஒரு நோட்டு வாங்கினார். நடுவில் கோடு போட்டு, போனால் ஒரு பக்கம், போகாவிட்டால் ஒரு பக்கம் என்று எழுதினார். என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். “மாப்ள, எனக்கு நாப்பத்தொம்பது வயசு. புதுத் தொழில் கத்துக்க முடியுமா? அவ சம்பளத்துல உக்காந்து சாப்பிட்டா எனக்குச் சோறு எறங்குமா? நீ என்ன சொல்றே?” என்பார். நான் மெஷினுக்குக் காகிதம் போடுவது போல முதுகைத் திருப்பிக்கொண்டு, “நல்லா யோசிங்க மாமா” என்பேன். அவர் தன் வாழ்க்கையை எடை போட்டுக்கொண்டிருந்தார். தராசை நாங்கள் ஏற்கெனவே எடுத்து உள்ளே வைத்துவிட்டோம்.

ஒன்பதாவது வாரம் ஊரை நேரில் பார்க்க வேண்டும் என்றார். துணைக்கு நான் போனேன். துணைக்கு என்பது அவருக்குச் சொன்னது. அங்கே யாராவது உளறிவிடாமல் பார்த்துக்கொள் என்பது அக்கா என்னிடம் சொன்னது.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மாமா அண்ணாந்து பார்த்தார். அவர் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மாடியைத்தான் எண்ணுவார். கடைத்தெருவில் ஒரு இரண்டு மாடிக் கட்டடம் இருந்தது. பள்ளிக்கூடம் ஒரு மாடி. மற்றதெல்லாம் தரையோடு தரை. “கழுத்துக்கு வேலையே இல்லாத ஊரு மாப்ள” என்று சிரித்தார். மாவு மில்லில் மூட்டை ஏற்றும் எந்திரம் இருந்தது. முதலாளி நல்ல மனிதர். அந்த எந்திரத்தைத் தன் மருமகனே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தண்ணீர் மோட்டாருக்குச் சுருள் கட்டும் கடைக்காரர், “எனக்கே வாரத்துல மூணு நாள்தான் வேலை. மிச்ச நாள் இந்த நாற்காலிக்குக் காவல்” என்றார். மாமா எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியையும் பார்க்கலாம் என்றார். ஆபீஸ் பக்கம் போகவிடாமல், வெயில், பசி, பஸ் என்று ஆயிரம் சாக்குச் சொல்லிப் பின்பக்கமாக இழுத்துப் போனேன். அங்கே அந்தக் காலி வீடு இருந்தது. சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தார்கள். இரண்டு அறை, பின்னால் துணி உலர்த்த இடம். மாமா உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்று காலால் ஒரு படியை மிதித்துப் பார்த்தார். ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஒரே ஒரு படிதான்.

திரும்பும் பஸ்ஸில் மாமா நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை புரட்டினார். பிறகு நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

“மாப்ள, முடிவு பண்ணிட்டேன். போயிடலாம்.”

“மாமா?”

“எனக்கு அங்க வேலை கிடையாது. அது தெரிஞ்சுபோச்சு, நோட்டுல அந்தப் பக்கம்தான் நெறஞ்சிருக்கு. ஆனா அந்த வீட்டுக்கு ஒரே படி. இத்தன வருஷமா யார் யாரோ படி ஏறாமப் பாத்துக்கிட்டேன். என் வீட்டுக்காரிக்கு நான் எதுவும் செய்யல. இத செஞ்சிடறேன். நாளைக்குச் சாயங்காலம் நானே அவகிட்ட சொல்றேன். நீ முந்திக்காதே. எங்க, திருப்பிச் சொல்லு.”

“நீங்களே சொல்வீங்க. நான் முந்திக்க மாட்டேன்” என்றேன். அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏழு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை மாமா வழக்கத்தைவிடச் சீக்கிரம் கம்பெனிக்குப் போனார். கூட்டாளியிடம் முதலில் சொல்லி, முதல் கொக்கியைத் தன் கையாலேயே அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. போய்ப் பார்த்தால் முதல் கொக்கியில் அவர் பூட்டோடு ஒட்டி இன்னொரு தகடு தொங்கியது. புதுச் சிவப்பு. மேல்மாடியின் பெயர், அதன் கீழே குழுத் தலைவர். தகடு வந்தால் அவர் போகும்வரை மேசைக்குள் வைத்திருக்க வேண்டியதுதானே? மாமா லீவில் இருந்த அன்று பார்சல் வந்திருக்கிறது. ஒரு நாள் மாட்டி அழகு பார்க்கலாம் என்று மாட்டியவன் கழற்ற மறந்துவிட்டான். அவ்வளவு ஆசை அந்த ஆளுக்கு.

லிஃப்ட்காரர்கள் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் தேதியைப் படிப்பார்கள். தகட்டோடு ஆர்டர் சீட்டு இணைத்திருந்தது. ஏழு வாரத்துக்கு முந்தைய தேதி. மாமாவின் நோட்டில் அப்போது இரண்டாவது பக்கம்கூட நிரம்பியிருக்காது.

“நான் போறது உனக்கு எப்படித் தெரியும்?” என்று மாமா அவனிடம் கேட்டாராம்.

“உன் வீட்டுக்காரம்மாதான் சொன்னாங்க. கையெழுத்துப் போட்டாச்சு, அவர் போறது உறுதி, அவர் எடம் உங்களுக்கு வேணும்னா இப்பவே எழுதிக் குடுத்துடுங்கன்னாங்க. நான் ஒண்ணும் தப்பாச் செய்யலப்பா. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

கடைசி வாக்கியம் பச்சைப் பொய். தெரியும் என்று நினைத்திருந்தால் ஏழு வாரம் வாயைத் திறக்காமல் இருந்திருப்பானா? என்னிடம் போனில் புலம்பியபோது அவனே ஒப்புக்கொண்டான். நான் கடையை மூடிவிட்டு ஓடினேன். எண்பத்தாறு படியை அவ்வளவு வேகமாக ஏறியது அன்றுதான்.

மாமா வேலை உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா சுவரோடு நின்றாள். உச்சி வெயில் நேரம், அடுப்பில் எதுவும் இல்லை.

“எப்ப கையெழுத்துப் போட்டே?”

“மூணாவது நாள்.”

“திருப்பிச் சொல்லு.”

“மூணாவது நாள்ங்க. பத்து நாள்தான் கெடு. ஒரு ஃபேன் வாங்க நாலு மாசம் யோசிச்சவர் நீங்க. உங்கள நம்பி உக்காந்திருந்தா எடம் போயிருக்கும். என் காலப் பாருங்க. நான் வேற என்ன செய்வேன்?”

“பத்து நாள்னு என்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா பத்து நாள்ல சொல்லியிருப்பேன். குழிக்குள்ள நிக்கும்போது நான் அரை நிமிஷத்துல முடிவெடுக்கிறவன்.” குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும். “ஆட்டத்துல சின்னப் பிள்ளைய ஒப்புக்குச் சேத்துப்பாங்களே, அப்படி என்னைச் சேத்துக்கிட்டீங்க. நான் உக்காந்து நோட்டுல எழுதறேன், நீங்கல்லாம் சுத்தி நின்னு பாத்திருக்கீங்க.”

அக்கா அழ ஆரம்பித்தாள். மாமா என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள, உனக்கு?”

“தெரியும் மாமா. காப்பி எடுத்தது நான்தான்.”

என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்த ஒவ்வொரு பக்கமும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

“நேத்து பஸ்ல நான் உன்கிட்ட என்ன சொன்னேன்? உங்க அக்காகிட்ட திருப்பிச் சொல்லு.”

நான் சொன்னேன். போயிடலாம் என்று சொன்னதை, நோட்டில் எந்தப் பக்கம் நிறைந்திருந்தது என்பதை, வாசலில் அந்த ஒரு படியை ஏறி இறங்கிப் பார்த்ததை, இத்தனை வருஷமாக வீட்டுக்காரிக்கு எதுவும் செய்யவில்லை என்றதை, எதையும் விடாமல் சொன்னேன். அக்கா சுவரிலேயே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் முடித்ததும் மாமா எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போனார்.

அக்கா சேர வேண்டிய நாளில் சாமான்களையெல்லாம் அவரே நாலு மாடி இறக்கினார். கூடவே போய்க் கட்டிலை மாட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் தனியாகத் திரும்பி வந்தார். “நீங்க எப்ப வர்றீங்க?” என்று வாசலில் நின்று அக்கா கேட்டாளாம். “யோசிச்சுச் சொல்றேன்” என்றாராம். வாரா வாரம் போனில் கேட்கிறாள், அதே பதில்தான்.

கம்பெனியில் முதல் கொக்கி அவருடையதாகவே இருந்தது. ஆனால் அவர் அடுத்த வாரமே குழிக்குள் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாகங்கள் வைக்கும் அறையில் போல்ட்டும் ரோலரும் எடுத்துக் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேலே இருப்பவன் திருப்பிச் சொல்வதை நம்பித்தான் கீழே நிற்க முடியும். அந்த நம்பிக்கை போன பிறகு கூண்டுக்கு அடியில் எப்படி நிற்பார்? ஊரில் லிஃப்ட் வேலை இல்லை என்று பயந்த மனிதர், நகரத்திலேயே அந்த வேலையை விட்டுவிட்டார். அதற்கு நாங்கள் மூன்று பேரும் பொறுப்பு.

போன வாரம் அவர் என் கடைக்கு வந்தார். அந்த நாளுக்குப் பிறகு வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரே சந்தோஷம், ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“தம்பி, ஒரு காப்பி எடுக்கணும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.”

எனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து மாப்ள என்று கூப்பிட்டவர். நான் என் கடையில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். மெஷின் மூடியை அவரே தூக்கினார், அவரே பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் ஒருமுறை ஓடி முடிந்தது. அது வேலையை விடும் கடிதமா, அக்காவை விடும் கடிதமா என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. “ஆச்சு தம்பி” என்றார். நான் திரும்பியபோது அவர் தெருவில் நடந்துகொண்டிருந்தார்.