அம்மாவுக்கு விழுந்த பதினோரு பக்கங்கள்

படம் வருவதற்கு முன்னால் கதையைப் படித்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் உடனே ஆமாம் போடுவேன். ஏன் என்று கேட்டால்தான் தயங்குவேன். எங்கள் குப்பத்தில் ஒரு நாவலைப் படித்த விதத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேறு எந்த ஊரிலும் ஒரு புத்தகத்தை அப்படிப் படித்திருக்க மாட்டார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் திமிர் உண்டு.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் இருந்த காலத்து நாவல் அது. கோட்டையில் அடைத்து வைக்கப்பட்டு, கப்பலில் தூரத் தீவுக்கு அடிமையாக அனுப்பப்படும் ஒரு மீனவப் பெண்ணின் கதை. அதைப் படமாக எடுக்க வந்தவர்கள் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் பன்னிரண்டு நாள் தங்கினார்கள். எங்கள் பெண்களுக்குப் பழைய காலத்துச் சேலை கட்டிவிட்டு, கும்பலாக நின்று அழச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அத்தை அழுத அழுகையில் டைரக்டரே பயந்துபோய்ப் போதும் போதும் என்றார். அம்மா மட்டும் கூட்டத்தில் நிற்க வரவில்லை. எவ்வளவோ கூப்பிட்டும் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

கிளம்பும்போது படக்குழுவில் ஒரு பெண், வண்டியில் கிடந்து பைண்டிங் விட்டுப்போன அந்த நாவலை என் கையில் கொடுத்தாள். "படம் வர்றதுக்குள்ள படிச்சிடுங்க. அப்புறமா படிச்சா நடிகர்கள் முகந்தான் கண்ணுல நிக்கும்" என்றாள்.

நான் அப்போது காலேஜ் கடைசி வருடம், பரீட்சை முடியும்வரை புத்தகத்தைத் தொடவில்லை; முடித்துவிட்டு வந்தபோது படம் வரும் தேதியே சொல்லிவிட்டார்கள். நான்தான் படித்தவள், நான்தான் முதலில் படிப்பேன் என்று புத்தகத்தை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விட்டார்களா? படத்தில் அழுத பத்துப் பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள். கதை தங்களுடையதும்தான் என்றார்கள். புத்தகமோ ஒன்று. படம் வர மூன்று வாரம் இருந்தது. வரிசையாகப் படித்தால் பாதிப் பேருக்குக் கிடைக்காது. அண்ணிதான் வழி சொன்னாள்.

"இதுக்கு இன்னாத்துக்கு சண்ட? பாடு போட்டுக்கலாம்."

எங்கள் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்க யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். அப்படி விழுந்த பங்குக்குத்தான் பாடு என்று பெயர். அடுத்தவர் பாட்டில் வலை இறக்குவது எங்கள் ஊரில் பெரிய குற்றம். ஆக, ஏற்கெனவே அவிழ்ந்து கிடந்த நாவலைப் பன்னிரண்டு கட்டாகப் பிரித்து, வலை நூலால் கட்டி, டம்ளரில் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். பத்துப் பேருக்கும் எனக்கும் போக ஒரு சீட்டு மிஞ்சியது. அதை அம்மாவிடம் நீட்டினாள் அண்ணி. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டும் ரேஷன் கடை அறிவிப்பும் தவிர வேறு எதையும் அவள் படித்து நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டாள். பதினோரு பக்கம்.

படித்தவள் என்று மார்தட்டிய எனக்கு, துணி மூட்டைக்கு டச்சுக்காரன் பேரம் பேசுகிற முதல் பகுதி விழுந்தது. அத்தைக்குக் கல்யாணமும் முதலிரவும்.

"என் பாடு ஷோக்கா இருக்குது. ஆனா ஒருத்திக்கும் சொல்ல மாட்டேன்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

யாரும் யாரையும் கேட்கவில்லை. கட்டுகளை மாற்றிக்கொள்ளலாம் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. பாடு என்றால் பாடுதான். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆளுக்கு ஒரு துண்டு கதையை வைத்துக்கொண்டு, முழுக்கதையும் தெரிந்தவர்கள் மாதிரி மூன்று வாரம் நடமாடினோம்.

ஆனால் அந்த ஒரு துண்டே என்னை என்னவோ செய்துவிட்டது. கோட்டை என்று நாங்கள் சொல்வது ஒரு மண்மேடு, மேலே முள்செடி. எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு இருக்கிற டச்சுக் கல்லறையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. என் பகுதியைப் படித்து முடித்த மறுநாள் அந்த மண்மேட்டின் பக்கம் போனேன். சுவர் எழுந்து நின்றது. பீரங்கி தெரிந்தது. துணி மூட்டை சுமந்துகொண்டு ஆட்கள் போனார்கள். வெறும் எழுத்து இத்தனையும் எழுப்புமா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கே சத்தமாகப் பேசக்கூடப் பயமாக இருந்தது.

அம்மா தினமும் மத்தியானம் மீனைக் காயப்போட்டுவிட்டு வந்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் ஓடும், சில நாள் அதுவும் ஓடாது. பதினோரு பக்கமும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒருநாள் என்னைக் கேட்டாள்.

"இத எழுதினவரு கடலுக்குப் போனவரா?"

"எனக்கு எப்டிம்மா தெரியும்? இன்னா இருக்குது அதுல?"

"என் பாடு அது. உனக்கு இன்னாத்துக்கு?"

படித்து முடித்ததும் பெட்டிக்குள் ஒரு சிவப்புச் சேலையின் மடிப்பில் அந்தப் பக்கங்களைச் செருகி வைப்பாள். நைனா போன நாளுக்குப் பிறகு அந்தச் சேலையை அவள் உடுத்தியதில்லை.

நைனா கடலுக்குப் போய்த் திரும்பாதது நான் ஒன்பதாவது படிக்கும்போது. அன்று காலை இருவருக்கும் சண்டை. என்ன பெரிய சண்டை, கஞ்சியில் உப்பில்லை என்கிற சண்டை. படகைத் தள்ளும்போது அம்மா மணலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நைனா பேர் சொல்லிக் கூப்பிட்டார். இவள் திரும்பவில்லை. மத்தியானம் படகு கவிழ்ந்து மற்ற மூன்று பேர் நீந்திக் கரையேறினார்கள். நைனாவின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அம்மா வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

படம் வந்ததும் ஒரு டெம்போ பிடித்துப் பொன்னேரிக்கு மேட்னி ஷோ போனோம். அவரவர் பாடு வரும்போது அவரவர் கத்தினார்கள். என் பேரம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அத்தையின் பாட்டை ஒரு சினிமாப் பாட்டாகவே எடுத்திருந்தார்கள். அவள் கைதட்டிய தட்டில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அப்புறம் கப்பல் கிளம்பியது. கரையில் எங்கள் பெண்கள் கும்பலாக நின்று அழுதார்கள், கதாநாயகன் அலைக்குள் ஓடி விழுந்தான், கப்பல் சின்னதாகிச் சின்னதாகி மறைந்தது. தியேட்டரே மூக்கைச் சிந்தியது. அடுத்த காட்சியில் அந்தப் பெண் தீவில் இருந்தாள்.

அம்மா என் கையைப் பிடித்தாள்.

"என் பாடு எங்க?"

"எதும்மா?"

"கப்பல் மேல. அவ கப்பல் மேலேர்ந்து பாக்குறது."

"இனிமே வரும்மா" என்றேன். வரவில்லை. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் அம்மா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது டெம்போவில் ஒரே இரைச்சல். திருப்பாலைவனம் தாண்டி வயல்களின் மேல் வெயில் சாய்ந்திருந்தது. அம்மா பேசாமல் வருவதை அண்ணி பார்த்துவிட்டாள். "அத்த, உங்க பாட்ட அவங்க எடுக்கவே இல்லையே. அதுல இன்னாதான் இருந்துச்சு? நீங்களே சொன்னா குத்தமில்ல" என்றாள்.

அம்மா சொன்னாள். மனப்பாடமாக, ஒரு வரி விடாமல் சொன்னாள். கப்பல் நகர்ந்ததும் முதலில் கரையின் சத்தம் போய்விடுகிறது. வாய் அசைவது தெரிகிறது, குரல் இல்லை. பிறகு முகங்கள் போய்விடுகின்றன. பிறகு ஆணா பெண்ணா என்பது. பிறகு நிற்பவர்கள் எல்லோரும் வெறும் நிறங்களாக இருக்கிறார்கள். வெள்ளை நுரையோடு கலந்துவிடுகிறது, மஞ்சள் மணலோடு போய்விடுகிறது. சிவப்பு மட்டும் கடைசிவரை இருக்கிறது. அது தன் தங்கை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும், அதையே பார்த்துக்கொண்டு போகிறாள். அப்புறம் பனைமர வரிசை, அப்புறம் தண்ணீர் மட்டும்.

இத்தனை வருடம் எழுத்துக்கூட்ட மட்டுமே தெரிந்தவள் என்று நான் நினைத்திருந்த என் அம்மாவைப் பார்த்து நான் பிரமித்துப் போயிருந்தேன். நான் என் பகுதியைப் படித்திருந்தேன். அவள் தன் பகுதிக்குள் இருந்தாள்.

"அவங்க கரையிலேர்ந்து காட்டிட்டாங்க" என்றாள் அம்மா. "கரையிலேர்ந்து எப்டி தெரியும்னு எனக்குத் தெரியாதா? அங்கேர்ந்து எப்டி தெரியும்னு பாக்கத்தான நான் வந்தேன்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். படப்பிடிப்பில் அழுத அழுகை இல்லை அது.

எங்கள் குப்பத்தில் பெண்கள் கடல் படகில் கால் வைப்பதில்லை. மீனை வாங்குவோம், காயவைப்போம், விற்போம். கடலுக்குள் போக மாட்டோம். அண்ணனிடம் அண்ணி என்ன சொன்னாளோ தெரியாது. பத்து நாள் கழித்து, வலை போடாத ஒரு நாளில், இன்ஜின் பார்க்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு அவன் ஃபைபர் படகை இறக்கினான். அம்மாவைக் கைப்பிடித்து ஏற்றினான். பார்த்த ஆண்கள் இரண்டு பேர் வாயைத் திறந்தார்கள். நான் முறைத்த முறையில் மூடிக்கொண்டார்கள்.

நான் கரையில் நின்றேன். படகு அலையைத் தாண்டிக் குதித்து, அப்புறம் சின்னதாகி, அப்புறம் ஒரு புள்ளியாகி நின்றது. அங்கே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது.

திரும்பி வந்து மணலில் இறங்கியபோது அம்மா தொப்பலாக நனைந்திருந்தாள். உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"புக்குல எழுதினது நெசம்" என்றாள். "சத்தம்தான் மொதல்ல போவுது. மூஞ்சி சீக்கிரமே போயிடுது. நீ மஞ்சள் கட்டினு இருந்த. கொஞ்ச நேரம் தெரிஞ்ச, அப்புறம் மணலோட மணலா போயிட்ட."

நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"நான் அன்னிக்கு செவப்புதான கட்டினு இருந்தேன்?"

"செவப்புதாம்மா."

"மூஞ்சியே தெரியாதப்ப, திரும்பி நின்னா இன்னா, முதுகு காட்டினு நின்னா இன்னா? செவப்பு தெரிஞ்சிருக்கும் இல்ல?"

"தெரிஞ்சிருக்கும்மா" என்றேன்.